நெருப்பில் குளிரும் பெட்டி

நெருப்பு வைத்தால் குளிரும் பெட்டியொன்றை நான் லண்டனுக்கு வந்த பிறகுதான் கண்டேன். நோர்பரியில் எங்கள் வீட்டு முன்முற்றத்தில் நின்ற, படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய கேம்பர் வானுக்குள் அது இருந்தது. காஸைத் திறந்து கொளுத்தினால் பெட்டிக்குப் பின்னால் விரல் நகமளவு நீலச் சுவாலை எரியும்; முன்னால் பால் குளிரும். எப்படி என்று கேட்காதீர்கள். வானை எனக்கு விற்ற வெள்ளைக்காரன் படம் கீறியே விளங்கப்படுத்தினான், எனக்கு ஏறவில்லை. மின்சாரத்திலும் ஓடக்கூடிய பெட்டிதான். அந்தப் பகுதி கருகிப்போயிருந்ததை மட்டும் அவன் விளங்கப்படுத்தவில்லை.

கோடையில் கடற்கரைக்குப் போகவென்று வாங்கிய வான் அது. தொண்ணூறுகளின் நடுவில், என் மனைவி சாந்தியின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவாறு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். வீட்டில் இருந்ததே இரண்டு அறை, அதில் ஒன்றில் என் தம்பிமார். மாமா வானை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, படுத்தெழும்பத் தனக்கு இது காணும் என்று தன் பையை அதற்குள் வைத்தார். மாமா பரம சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் வைக்கிற பிரிட்ஜில் வைத்த பாலை வாயில் வைக்கமாட்டார். எங்கள் குசினியிலோ இன்னொரு பெட்டிக்கு அல்ல, ஒரு கதிரைக்கே இடமில்லை. ஆகவே வானிலிருந்த பெட்டிதான் அவருடைய பாலுக்கும் தயிருக்கும் என்றாயிற்று.

அந்தப் பெட்டி ஒழுங்காகக் குளிர மறுத்தது. நான் பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வரும்போது நெருப்பு அணைந்திருக்கும், பால் திரைந்திருக்கும். மாமா பாலில்லாமல் வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். நித்திரையை விட்டுவிட்டு நான் திருத்தத் தொடங்குவேன். காஸ் வரும் ஊசித்துவாரத்தைக் கழற்றி ஊதித் துடைத்தேன். குழாயை மாற்றினேன், சிலிண்டரை மாற்றினேன். சரிந்து நின்றால் இந்தப் பெட்டி குளிராது என்று யாரோ சொல்ல, சில்லுகளுக்குக் கீழே பலகை வைத்து வானை மட்டமாக நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் பின்னேரத்துக்குள் பெட்டி நன்றாகக் குளிர்ந்து என்னை ஏமாற்றும். காலையில் பழைய குருடி கதவைத் திறடிதான். இரண்டு தரம் அதை உதைத்திருக்கிறேன், காலில்தான் வலித்தது. மாமாவோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தார். கடைசியில், தன்னால் எல்லோருக்கும் கரைச்சல், ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். ஊரில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. "அப்பாவை ஒரு பெட்டிக்காகத் திருப்பி அனுப்பப் போறியளோ?" என்று சாந்தி கேட்டாள்.

திருத்துகிற வெள்ளைக்காரன் ஒருவனைப் பகலில் கூப்பிட்டேன். அவன் கொளுத்திப் பார்த்து, எல்லாம் பேர்ஃபெக்ட் என்றான். எப்போது ஹொலிடே போகிறீர்கள் என்று கேட்டான். ஹொலிடே இல்லை, இது மாமனாரின் தயிருக்கு என்றேன். அவன் என்னையும் வானையும் மாறி மாறிப் பார்த்து, லவ்லி என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் ஷிப்டுக்குப் போனவனை, ஆள் கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். கோடைகாலம், அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. வானுக்குப் பின்னால் மாமா முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்குக் காற்றுப் போய்வரும் சல்லடைத் தகட்டின்மேல் மட்டையை வைத்து, அதன்மேல் கறுப்புத் துணியைப் போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இரவும் இப்படி மூடி, விடிய முன்னம் குளிக்க எழும்பும்போது அதைக் கழற்றிவிடுவாராம். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. காற்றில்லாமல் எரிந்தால் அந்தக் காஸ் நஞ்சாகி உள்ளே வரும், படுத்தவர் எழும்பமாட்டார். மூடியதும் காற்றுப் போதாமல் அணைந்து, நான் தினமும் திட்டித் தீர்த்த அந்த நெருப்புத்தான் அவரை உயிரோடு வைத்திருந்தது.

"என்ன மாமா செய்யிறியள்?"

"வெளிச்சம் வெளியில தெரியுது தம்பி" என்று அவர் மேலே காட்டினார். ஹீத்ரோவுக்குப் போகும் விமானம் ஒன்று எங்கள் கூரைகளுக்கு மேலால் பதிந்து போய்க்கொண்டிருந்தது.

ஊரில் மின்சாரம் போய் வருடக்கணக்காகிவிட்டது என்றும், ஜாம் போத்தல் விளக்கில்தான் காலம் போகிறது என்றும், மேலே குண்டு போடும் பிளேனின் சத்தம் கேட்டால் அதையும் அணைத்துவிடுவார்கள் என்றும் சாந்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் எண்பதுகளிலேயே வந்துவிட்டவன். விமானத்தைக் கண்டால் டிக்கெட் எங்கே மலிவு என்பதுதான் என் நினைவுக்கு வரும். இங்கே ஒருவரும் குண்டு போடமாட்டார்கள் என்று மாமாவுக்குச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் தம்பி, இது சனம் போற பிளேன். தெரிஞ்சும் நித்திரை வருகுதில்லை. சொன்னா நீங்கள் சிரிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுத்த நாள் எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, சல்லடைக்கு நாலு விரல் தள்ளி, தாழ்வாரம்போல வளைத்துப் பூட்டினேன். காற்றுப் போய்வந்தது, வெளிச்சம் தெரியவில்லை. மாமா வாசலுக்கு வெளியே ஒழுங்கைவரை போய் நின்று பார்த்தார், பிறகு மாடிக்கு ஏறி ஜன்னலால் எட்டியும் பார்த்தார். மறுநாள் காலை பால் திரையவில்லை. ஊருக்குப் போகும் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை.

சில நாள் கழித்து, சாப்பாட்டுப் பையோடு ஷிப்டுக்குப் புறப்பட்டேன். தலைக்கு மேல் ஒரு விமானம் வந்தது. டிக்கெட் விலை நினைவுக்கு வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்க, பையை மதிலில் வைத்துவிட்டு, வானுக்குப் பின்னால் போய்க் குனிந்து, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன்.