கூப்பிட்டது யார்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பார். இன்னொருவர் கட்டடத்தின் உச்சியிலுள்ள மெஷின் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். பெட்டியில் நிற்பவர் "மேலே" என்றால், மற்றவரும் "மேலே" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், யாரும் கூப்பிடாமலே அண்ணன் காதில் "மேலே" என்று ஒரு குரல் கேட்டது; அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள், கூரைமேல் நின்றவர் இடுக்கில் கை வைத்திருக்கும்போதே அண்ணன் சுற்றிவிட, பெட்டி நகர்ந்தது. நல்லவேளை, விரல் தப்பியது. மனநல ஆஸ்பத்திரி, மாத்திரை என்று அலைந்து அண்ணன் தேறி வந்துவிட்டார். ஆனால் அவரோடு வேலைக்கு ஏற ஒருத்தனும் தயாராக இல்லை. ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"போல்ட்டாவது என்னைப் பாத்து பயப்படாதுல்ல?" என்று சிரிப்பார்.

வெளிநாட்டுக்கு மெக்கானிக் எடுக்கிறார்கள் என்றதும் அவர் முகத்தில் களை வந்தது. அங்கே இவர் கதை யாருக்கும் தெரியாது. முன்பு மனநோய் ஏதாவது இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லச் சொன்னது அண்ணி.

"சர்க்கரைன்னா சொல்லலாங்க, பிரஷர்னா சொல்லலாம். இதைச் சொன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. வாயைத் திறக்காதீங்க."

அண்ணி சொன்னதில் தப்பில்லை, பாழாய்ப்போன உலகம் அப்படித்தான் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமோ என்று பயந்து அண்ணன் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் காலை நான் அங்கே இருந்தேன். அண்ணன் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று, யாருக்கோ பதில் சொல்வதுபோல, "மேலே" என்றார். சமையலறையில் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தார்.

தேர்வில் நடந்ததை அண்ணனே பிறகு சொன்னார். தேர்வாளர் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றார். அண்ணன் மெஷின் அறையில் சக்கரத்தைப் பிடித்திருந்தார். "மேலே" என்று காதில் விழுந்தது.

அந்தக் குரலா, மனுஷக் குரலா? யாரும் கூப்பிடாமல் சுற்றினால் கீழே ஒருவரின் கை போய்விடும். கூப்பிட்டும் சுற்றாவிட்டால் வேலை போய்விடும். மறுபடியும் "மேலே" என்றது. அந்தக் குரலும் ஒரு தடவையோடு விட்டதில்லை.

பிரேக்கைப் போட்டுவிட்டு, படியிறங்கிப் போய் லிஃப்ட் கதவருகே நின்றார்.

"சார், நீங்க கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேனேப்பா. காதுல விழலையா?"

சத்தத்தில் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தேர்வாளரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்.

"நல்லாவே விழுந்துச்சு சார்," என்றார் அண்ணன். "கூப்பிட்டது நீங்கதானான்னுதான் எனக்குத் தெரியல. முதல்ல நீங்க அங்கேருந்து இறங்கிடுங்க."