மாசாணியம்மாளின் ஏழு புள்ளிகள்

மாசாணியம்மாள் ஆனைமலைக்காரி. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளும் நானும் கணக்குப் பாடம் நடத்தினோம். யாரையும் தப்பென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கரும்பலகையில் ஒருத்தி அபத்தமாக எழுதி வைத்தாலும், "நல்லாத்தான் வந்திருக்குதுங்க கண்ணு, எதுக்கும் இன்னொருக்கா பாத்துக்கலாமுங்களா" என்பாள். மதுரைக்காரி எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றெட்டில் சுந்தரராஜுலு என்பவர் காந்திபுரத்தில் பிரவுசிங் சென்டர் திறந்தார். கல்லூரி விட்டதும் மாசாணி அங்கே போய்விடுவாள். பல நாட்டுக் கணிதக்காரர்கள் கூடி, பாடப்புத்தகங்களில் இடம் கிடைக்காத தேற்றங்களை ஒரு இணையப் பக்கத்தில் சேர்த்து வந்தார்கள். யார் வேண்டுமானாலும் குறிப்பு அனுப்பலாம். சரிபார்த்தவர் பெயரைத் தேற்றத்துக்குக் கீழே போடுவார்கள். ஒரு ஜர்னலுக்காக நூலகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவளுக்கு அது விருந்துதான்.

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய ஒரு தேற்றம் அங்கே தப்பாக இருந்தது. ஏழு புள்ளிகளை ஒரு விதமாக இணைத்தால் அது பொய்த்துப் போனது. எனக்கும் போட்டுக் காட்டினாள். சந்தேகமே இல்லை, உடனே எழுது என்றேன்.

எழுதினாள், அவள் பாணியில். ஆங்கிலத்தில் 'ங்க' கிடையாதே என்று வரிக்கு வரி 'கைண்ட்லி' போட்டாள். அருமையான தேற்றம், என் புரிதலில்தான் குறை இருக்கும், சௌகரியப்பட்டால் ஏழு புள்ளிகளுக்கும் ஒருமுறை பார்க்கலாம் என்று போயிற்று கடிதம். புள்ளிகளை எப்படி இணைப்பது என்றுகூட எழுதவில்லை. அது அவர்களுக்கே பாடம் நடத்துவது போல ஆகிவிடுமாம்.

அடுத்த வாரம் பார்த்தால் தேற்றம் அப்படியே இருந்தது. கீழே, ஏழு புள்ளிகளுக்குச் சரிபார்த்தவர் மாசாணியம்மாள், கோயமுத்தூர் என்று சேர்த்திருந்தார்கள். பாராட்டென்று நினைத்து அவள் கடிதத்தையும் போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே போலந்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவர், என் ஆய்வேடே இந்தத் தேற்றத்தின் மேல்தான் நிற்கிறது, மாதக் கடைசியில் கொடுக்கப்போகிறேன் என்று நன்றி சொல்லியிருந்தார்.

மாசாணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாதக் கடைசிக்கு ஒரு வாரங்கூட இல்லை. மறுநாள் போனோம், இணையத்துக்குப் போன் லைன் கிடைக்கவில்லை. அதற்கு மறுநாள் கரண்ட் இல்லை. ஒருவழியாக லைன் கிடைத்து உட்கார்ந்தவள், மறுபடியும் 'அருமையான' என்றுதான் ஆரம்பித்தாள்.

நான் அழிக்கச் சொன்னேன்.

"பெரிய பெரிய ஆளுங்க பாத்ததுங்கக்கா. நான் போயித் தப்புன்னா மரியாதையா இருக்குமுங்களா?"

"உன் பேரை நம்பி ஒருத்தன் விழப்போறான். அதுல என்னடி மரியாதை?"

அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். இந்தத் தேற்றம் தப்பு. என் பெயரை எடுத்துவிடுங்கள். இணைக்கும் விதத்தையும் வரிசையாக எழுதி, இணையப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கும் அந்த மாணவருக்கும் அனுப்பப் போகும்போது லைன் அறுந்தது. சுந்தரராஜுலு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒருவழியாக அனுப்பிக் கொடுத்தார்.

அப்புறம் பதிலே இல்லை. மாதம் முடிந்தது. "கொடுத்துப்போட்டானோ என்னமோக்கா" என்று ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பதில் வந்தபோது நானும் கூட இருந்தேன். ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை, ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறேன், காப்பாற்றினீர்கள் என்று எழுதியிருந்தார் அந்த மாணவர். கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தது. 'ஏழு புள்ளிகளில் எனக்கும் ஆரம்பத்தில் சந்தேகம் வந்தது. உங்கள் முதல் கடிதத்தைப் படித்த பிறகுதான் அதை விட்டுவிட்டேன்.'

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

மறுநாள் காலை அவள் வகுப்பைத் தாண்டிப் போனேன். ஒரு பெண் பலகையில் கணக்கின் ஒரு படியைத் தாறுமாறாக எழுதிவிட்டு, வழக்கமான 'நல்லாத்தான்' வருமென்று திரும்பிப் பார்த்தாள். மாசாணி அந்தப் படியைச் சுட்டிக் காட்டினாள்.

"தப்புங்க கண்ணு," என்றாள்.

அந்தப் பெண் டஸ்டரை எடுத்து அழித்தாள்.