பிளாஸ்டிக் நாற்காலிக்குத் தடை

படகுத்துறையில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவருக்குத் தீவு வைத்த பட்டப்பெயர் ‘விசாரணை’. படகைப் பிடிக்க யார் போனாலும் அவர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டுகிற யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “எங்க கிளம்பியாச்சு? மருமக எப்படியிருக்கா?” என்று நாலு பேரைக் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தத் தெருவுக்குத் திடீரென்று யோகம் அடித்தது. பழம்பெருமை வாய்ந்த தெருவாம், பழையபடி ஆக்கப்போகிறார்களாம். உப்புக்காற்றில் சுவர் உதிர்ந்தபோதெல்லாம் எட்டிப் பார்க்காத அரசாங்கம் இப்போது ஓர் அதிகாரியை அனுப்பியது. அவர் சுவரைப் புதிதாகப் பூசவைத்து, அது பழசாகத் தெரிய மேலே அழுக்கு நிறம் அடிக்கச் சொன்னார். பிறகு அவர் கண் நாற்காலியில் விழுந்தது.

“பெரியவரே, பிளாஸ்டிக் கூடாது.”

“மர நாற்காலி போட்டுக்கறேன் சார்.”

“நீங்களும் கூடாது. இந்தப் பனியன் அந்தக் காலத்துக்குப் பொருந்தல.”

விசாரணை வீட்டுக்குள் முடங்கினார். ஜன்னல் வழியாகக் கேட்டுப் பார்த்தார். சுற்றுலா வந்தவர்கள் மிரண்டு ஓடினார்கள்.

அடுத்த மாதம் அதே வாசலுக்கு மர நாற்காலி வந்தது. அதில் கோட்டும் தொப்பியும் போட்ட ஃபைபர் பொம்மை. பக்கத்தில் பலகை: ‘வழிப்போக்கர்களை நலம் விசாரிக்கும் அக்காலக் குடியிருப்பாளர்’. விசாரணை அதை இரண்டு தடவை படித்தார்.

மத்தியானம் தெரு வெறிச்சோடியதும் பொம்மையை அக்குளில் இடுக்கி உள்ளே கொண்டுபோனார். அதன் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். கூடத்துப் பொம்மையைப் பார்த்த மனைவி, “இது தேவல. தொணதொணக்காது” என்றாள்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். எதிர்வீட்டு அக்கா முட்டிவலியோடு நொண்டி நொண்டிப் படகுக்குப் போனாள். கேட்க வந்த வார்த்தையை அவர் பல்லுக்குள் அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அதிகாரி விருந்தாளிகளோடு வந்து நின்றார்.

“பார்த்தீங்களா, அச்சு அசல் மனுஷன்! மூஞ்சிலதான் சந்தோஷம் பத்தல. அந்தக் காலத்து ஜனங்க சந்தோஷமா இருந்தவங்க.”

“இருந்தோம் சார்” என்றது பொம்மை. “நீங்க வர்றவரைக்கும் இருந்தோம்.”

விருந்தாளி ஒருத்தி வீல் என்று அலறினாள். விசாரணை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றி வீசிவிட்டுத் துறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: “அக்கா, முட்டிவலி தேவலையா?”

அவள் நின்று திரும்பினாள். “அடப்பாவி, உயிரோடதான் இருக்கியா?”