அப்பாவும் இரண்டு வெள்ளைக் கார்களும்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து வருகிற வைகாசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்கள், நண்பர்கள், கார் ஸ்டாண்டு ஓட்டுநர்கள் எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர் அப்பாவிடம் அடி வாங்கியவர்கள். மீதிப் பேர் அப்பாவோடு சேர்ந்து யாரையாவது அடித்தவர்கள். இரண்டு தரப்பும் படிக்கிற மாதிரி எழுதுவது எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது. அப்பா வழியில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பேனா என் கைக்கு வந்தது. எழுத்தில் பிழை இருக்கலாம். பொய் இருக்காது.

அப்பா சிங்கப்பெருமாள் கோயிலுக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே உள்ள எங்கள் கிராமத்தில் ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. வாத்தியார் பிரம்பால் அடித்தார், அப்பா பிரம்பைப் பிடுங்கி முறித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் விழுந்த அடிக்கு லாரி ஏறிப் போய்விட்டார். பத்து வருடம் லாரியில் கிளீனர். நெல்லூர் பக்கம் ஒரு சண்டையில் வாங்கிய வெட்டுதான் இடது புருவத்தில் இருந்த தழும்பு.

மறைமலைநகருக்கு அமெரிக்கக் கார் கம்பெனி வந்தபோது அப்பா ஒப்பந்தக் கூலியாக உள்ளே போனார். நூறு வருடத்துக்கு மேலாகக் கார் செய்கிற கம்பெனி. எங்கள் பக்கத்தில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. கம்பெனி என்றால் அதுதான். பெயின்ட் அடித்து வெளியே வருகிற காரைத் துடைத்து, மெருகேற்றி, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது அப்பாவின் வேலை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் அப்பாவின் கைக்குத் தெரியும். என் முகத்தில் அறைந்த அதே கைதான். புதுக் காரின் கதவை அந்தக் கை தொடும்போது பூவைத் தொடுகிற மாதிரி இருக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அம்மாவையும் ஒருமுறை அடித்தார். அம்மா தோசைக் கரண்டியால் திருப்பி அடித்தார். அதோடு சரி. இதை எழுதச் சொன்னது அம்மாதான்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் சின்ன மாமா. ஐ.டி.ஐ. படித்து அதே கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளியாகச் சேர்ந்தவர். கம்பெனி ஆட்களுக்கான சலுகையில் ஒரு வெள்ளை டீசல் கார் எடுத்தார். பூசை போட்ட அன்று அப்பா அந்தக் காரைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான், பின் கதவுல ஒரு அரிசி அளவு பள்ளம் கீது. எங்க ஷிப்ட்டு இல்ல இது" என்றார்.

"மாமா, நீ தொடைச்ச வண்டியில நான் போறேன். அந்தப் பொறாம உனக்கு" என்றார் மாமா.

பொங்கல் பானை கவிழ்ந்தது அன்றுதான். இருவர் சட்டையும் கிழிந்தது. சாயந்திரம் ஒரே தட்டில் கறி சாப்பிட்டார்கள். இருபது வருடமாக அவர்கள் உறவு இப்படித்தான் இருந்தது.

பிறகு கம்பெனி மூடப் போவதாகச் செய்தி வந்தது. அந்த வாரங்களில் கேட்டுக்கு எதிரே நடந்ததை நீங்கள் பலர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் தன் தலையைத் தானே மதில் சுவரில் மோதிக்கொண்டார். அப்பா டீக்கடை பெஞ்சைத் தூக்கிப் போட்டு உடைத்தார். யாரை அடிப்பது என்று தெரியாத கோபம் அது. நிரந்தர ஆட்களுக்காவது பேச ஆள் இருந்தார்கள். அப்பாவைப் போன்ற ஒப்பந்தக் கூலிகளை ஏற்ற ஒரு நாள் கம்பெனிப் பேருந்து வரவில்லை. அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் அப்பாவும் கார் வாங்கினார். மாமா வைத்திருந்த அதே மாடல், அதே வெள்ளை, பழையது. வாடகைக்கு ஓட்ட மஞ்சள் போர்டு. விற்ற புரோக்கர் வாய் சும்மா இல்லாமல், "அண்ணாத்த, கம்பெனியே மூட்ட கட்டிக்கினு போயிடுச்சு. இது அநாதப் புள்ள. பார்ட்ஸுக்கு நீ இன்னா அமெரிக்காவுக்கா போவ?" என்றார். அப்பா அவரை ஓர் அறை விட்டார். விட்டுவிட்டு அவரிடமே காரை வாங்கினார்.

அந்தக் காரைப் பற்றி அப்பா சொல்வதற்குக் கணக்கில்லை. கதவு மூடினால் கோயில் கதவு மாதிரி சத்தம் வரும், ஸ்டியரிங் கையோடு பேசும், மாமல்லபுரம் ரோட்டில் நூறில் போனாலும் தரையை விடாது. குறையும் சொல்வார். ஏ.சி. இழுக்காது, ஸ்பேர் வர மாதக்கணக்காகும். அதே குறையை வேறு யாராவது சொன்னால் கை நீளும்.

புரோக்கர் சொன்னது ஒரு விஷயத்தில் பலித்தது. மாமா தன் காரை ரயில்வே கேட் கம்பத்தில் இடித்ததில் முன் பம்பரின் இடது மூலை பிளந்தது. புது பம்பர் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்பாதான் பிளந்த இடத்துக்கு உள்பக்கம் கம்பி வலை வைத்து ஒட்டி, மேலே பெயின்ட் அடித்து, மூன்று நாள் தேய்த்துக் கொடுத்தார். வெளியே பார்த்தால் ஒட்டுத் தெரியாது. அதற்குப் பிறகு அந்த இரண்டு கார்களையும் நம்பர் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இனி எழுதப் போவது உங்களில் யாருக்கும் தெரியாதது.

சென்ற ஆண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா மாமல்லபுரத்துச் சவாரியைக் கோவளத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். திருவிடந்தைக்கு முன்பு மாமாவின் கார் மூன்று ஆரன் அடித்து அவரை முந்திப் பறந்தது. அப்பாவின் காரை முந்தினால் மாமா அப்படித்தான் வம்புக்கு ஆரன் அடிப்பார். ஐந்து நிமிடம் கழித்து அப்பா அந்த இடத்துக்கு வந்தபோது, மீன் கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு அம்மாள் ரத்தத்தில் கிடந்தார். ரோடு முழுக்க மீன். வேறு வண்டி எதுவும் நிற்கவில்லை.

அப்பா நிறுத்தினார். தோள் துண்டால் அந்த அம்மாளின் காலை இறுக்கிக் கட்டினார். "ஒண்ணும் இல்ல ஆயா, இதோ ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று அப்பா சொன்னது அந்த அம்மாளுக்கு இன்றும் நினைவிருக்கிறது. தூக்கப் போகும்போதுதான், மீன்களுக்கு நடுவில் கிடந்த ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டை அப்பா பார்த்தார். நான்கு விரல் அகலம். எடுத்துத் தடவினார். தன் கை தேய்த்த பெயின்ட். திருப்பினால் உள்ளே கம்பி வலை.

அப்பா அதை மடக்கிய கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

அதே நேரம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் அந்த அம்மாளின் மூத்த மகன். அவர்கள் பார்த்தது இதுதான்: அம்மா ரத்தத்தில், பக்கத்தில் வெள்ளைக் கார், ஓட்டி வந்தவன் ரோட்டிலிருந்து எதையோ எடுத்து மறைக்கிறான்.

"கையில இன்னாடா?"

"ஒண்ணும் இல்லபா. மொதல்ல அம்மாவத் தூக்கு."

"கையத் தொறடா!"

திறந்து காட்டியிருந்தால் போதும். அந்தத் துண்டை அப்பாவின் பம்பரில் வைத்துப் பார்த்திருப்பார்கள். அப்பாவின் பம்பர் முழுசாக இருந்தது. அந்த நிமிடமே விட்டிருப்பார்கள். அப்பா திறக்கவில்லை.

துடுப்பால் அடித்தார்கள். கல்லால் அடித்தார்கள். காரின் கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் தூள். எது எதனால் உடைந்தது என்று பிறகு போலீசாலும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இளநீர் விற்றவர் என்னிடம் சொன்னார்: "உங்கப்பா ஒரு அடி திருப்பி அடிக்கல தம்பி. சோத்துக் கைய மூடி நெஞ்சோட வச்சிக்கினு சுருண்டுட்டாரு." வாழ்நாளில் ஓர் அடியையும் கடனாக வைத்துக்கொள்ளாத மனிதர். திருப்பி அடித்தால் கை திறந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் அதை எடுத்தாராம். ரத்தச் சட்டையோடு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். அது என்ன என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் கார் உடைந்த துண்டு என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் அப்பாவுக்குப் பேச்சு வந்தது. "நைனா, என் சொக்கா எங்க கீது? அதுல ஒண்ணு இருக்கும்."

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"மாமன் வண்டிது. உள்ள வலை பாரு. அம்மாகிட்ட சொல்லாத. அவளுக்குத் தம்பின்னு ஒருத்தன்தான் கீறான்." அன்று ரோட்டில் நடந்ததையெல்லாம் விட்டு விட்டுச் சொல்லி முடித்தார்.

மறுநாள் மாமா பார்க்க வந்தார். அப்பா விரலசைத்துக் கிட்டே கூப்பிட்டார். மாமா குனிந்தார். அப்பா இடது கையால் அவர் கன்னத்தில் அறைந்தார். வலியில் பிதற்றுகிறார் என்று சுற்றி இருந்தவர்கள் சொன்னார்கள். மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதற்கு அடுத்த நாள் அப்பா இறந்தார்.

போலீஸ் பதிவில் இத்தனை நாளும் அந்த அம்மாளை இடித்தவர் எங்கள் அப்பா. நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள். "இடிச்சா இடிச்சுட்டான், அதுக்கு ஆளையே கொல்லுவானுங்களா?" என்றுதான் காரியத்துக்கு மறுவாரம் நம் ஆட்கள் இரண்டு வண்டியில் குப்பத்துக்குப் போனார்கள். முன்னால் நின்று கூட்டிப் போனவர் மாமா. நானும் போனேன். எல்லாம் தெரிந்தும் போனேன். என் கையில் ஜாக்கி லிவர் இருந்தது. வலைகளுக்குத் தீ வைத்தார்கள். தடுக்க வந்த ஒருவனை நான் அடித்தேன். முன்கை எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் அந்த அம்மாளின் இளைய மகன். அப்பாவை அடித்த நாளில் அவன் கரையில்கூட இல்லை, கடலில் இருந்தான். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது திதி முடிந்ததும் மறுபடி போவதாகப் பேச்சு. இந்த முறை வலையோடு நிற்காது என்றும் பேச்சு. அதனால்தான் அப்பா கேட்ட ஒரே வாக்கை உடைத்து, சென்ற மாதம் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அழவில்லை. "எழுது. எழுதி அவன் வூட்ல போய்ப் படி" என்றார். இருவரும் போனோம். இந்தக் கட்டுரையில் இதுவரை உள்ளதை மாமா முன்னால் நின்று படித்தேன். பாதியில் எழுந்து வந்து என் வாயில் குத்தினார். உதடு கிழிந்தது. "இன்னாடா கத எழுதற? அப்பன் செத்ததுக்கு மாமன ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறியா?" என்று இன்னும் இரண்டு குத்து. நான் கையைக் கட்டிக்கொண்டு மீதியைப் படித்தேன்.

முடித்ததும் அம்மா அந்தத் துண்டை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். "எம் புருஷன் சாவற வரைக்கும் இத கைய வுட்டு வுடல. இனிமே நீ புடி."

மாமா அதைத் திருப்பி உள்ளே இருந்த வலையைத் தடவினார். "கூட ஒரு பையன் வந்திருந்தான்கா. நிறுத்தாத, கொன்னுடுவானுங்கன்னான். ஓட்டிட்டேன். மாமா பின்னாடி வருவாருன்றதே தோணல" என்றார். பிறகு கொல்லைக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த காரைத் திறந்தார். பம்பரின் இடது மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு ஓட்டை. துண்டை வைத்துப் பார்த்தேன். முடி நுழைய இடமில்லை.

மறுநாள் காலை அந்தக் காரை மாமாவே காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போனார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து போனார். நான் பின்னால் பைக்கில் போய், கையை உடைத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவை அடித்த மூத்த மகனின் வழக்கு தனியாக நடக்கிறது. அவர் செய்தது சரி என்று நான் எழுதவில்லை. தன் அம்மாவை இடித்தவன் என்று நினைத்துத்தான் அவர் அப்பாவை அடித்தார். அதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவைப் பதினோரு நாள் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த ஸ்டாண்டு நண்பர்களுக்கும், உண்மையைச் சொன்ன இளநீர்க்கார அண்ணனுக்கும், கெட்ட பெயரோடு போன மனிதர் என்று தெரிந்தும் தோள் கொடுத்துத் தூக்கிய உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த அந்த மீன்கார அம்மாளுக்குத் தனியாக நன்றி. "இடிச்சவன் துண்டு கட்டுவானாடா?" என்று தன் மகனையே கேட்டவர் அவர். அவரும் இளைய மகனும் திதிக்கு வருகிறார்கள். அம்மா நேரில் போய் அழைத்திருக்கிறார்.

வருகிற வண்டிகளின் சாவியை வாசலிலேயே அம்மா வாங்கி வைத்துக்கொள்வார். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, எல்லோரும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பும்போது திருப்பித் தருவார். சாவி கொடுக்க மாட்டேன், குப்பத்துக்குப் போயே தீருவேன் என்கிறவர்கள், முதலில் வாசலில் நிற்கும் என்னை அடித்துத் தள்ளிவிட்டுப் போங்கள். நான் திருப்பி அடிக்க மாட்டேன்.