முட்டை வைத்தால் எழுந்திருக்க வேண்டும்

இவாஸே கடையில் யாரும் எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை. வந்து உட்கார்ந்து, சூடான துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "தைஷோ, உங்க இஷ்டம்" என்றால் போதும். பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற தைஷோ, அதாவது கடை முதலாளி, இவாஸே ஷிகெமிட்சு தலையை ஒரு தரம் ஆட்டுவார். அதன் பிறகு, ஒரு பிடிச் சோற்றின் மேல் மீனை அழுத்தி அவர் வைக்கிற சுஷியைச் சாப்பிட வேண்டும். வைத்த உடனே, சோற்றின் சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும். கடைசியில் இனிப்பு முட்டை ஒரு துண்டு வரும். அதைத் தின்று முடித்தால் எழுந்திருக்க வேண்டும். சட்டம் இவ்வளவுதான். இதற்காக டோக்கியோவின் பல் மருத்துவர்களும் வக்கீல்களும் மாதக்கணக்கில் காத்திருந்து, அராக்கிச்சோவின் அந்தச் சின்னச் சந்துக்குள் குனிந்து நுழைந்தார்கள்.

அவர் மனைவி கியோனோ, சோஷி துறைமுகத்தில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவரின் மகள். அப்பா கடையில் வாய் ஓயாது. வெட்டுகிறவரும் பேசுவார், வெட்டிக்கொள்கிறவரும் பேசுவார், காத்திருக்கிறவர்கள் இரண்டு பேருக்கும் பதில் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அதே பழக்கத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் மழையைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தாள். அன்று கடை மூடியதும் ஷிகெமிட்சு சொன்னார்:

"இந்தா, முடிவெட்டற கடையில வாய் பேசறதுக்கு. இங்க திங்கறதுக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் சிரித்துவிட்டாள். அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அரிசி களைவது, சோறு ஆக்குவது, தேநீர் ஊற்றுவது, கோட்டுகளை வாங்கி மாட்டுவது, தொலைபேசியில் "மன்னிக்கணும், இந்த மாசம் இடமில்லை" என்று சொல்வது, இவை அவளுடைய வேலைகள். இன்னொன்றும் அவர் சொல்லி வைத்திருந்தார். வாடிக்கையாளர் முன்னால் சுஷியை வைத்துவிட்டால், அதற்கும் அவர் வாய்க்கும் நடுவில் அவள் கை வரக் கூடாது. தேநீர்க் கோப்பையைக்கூட சுற்றி வந்துதான் வைக்க வேண்டும்.

ஷிகெமிட்சு எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. யார் இடக்கைக்காரர், யாருக்கு வாய் சின்னது, யாருக்கு வசாபி காரம் பட்டால் இருமல் வரும், யாருக்கு எந்த மீன் ஆகாது, எல்லாம் அவருக்கு முகத்தைப் பார்த்தாலே வந்துவிடும். "எழுதிப் பாத்துப் போடறதுக்கு நான் என்ன மருந்துக் கடையா?" என்பார்.

முதலில் மாறியது கொஹாடா விஷயம். வெள்ளித் தோல் மின்னும், காடியில் ஊறிய அந்தச் சின்ன மீனை ஒரு மாலை எல்லோருக்கும் வைத்தார். இரண்டு மீன்களுக்குப் பிறகு அதையே மறுபடியும் வைத்தார். பலகையைச் சுற்றி ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு ஒவ்வொருவராக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். அவர் வைத்தால் காரணம் இருக்கும். ஏன் என்று கேட்பது அந்தக் கடையில் இல்லாத பழக்கம்.

"ரெண்டாவது தரம் சாப்பிடும்போதுதான் தைஷோ சொல்ல வந்தது புரிஞ்சுது" என்றார் ஒரு வக்கீல், கோட்டை வாங்கும்போது. கியோனோ குனிந்து நன்றி சொன்னாள். ஒரு சாப்பாட்டுப் பத்திரிகைக்காரி அதைப் பற்றியே பாராட்டி எழுதினாள். ஒரே மீனை இருமுறை சந்திக்க வைக்கும் துணிச்சல் என்று. இன்னும் நிறையப் பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கியோனோ அந்தப் பத்திரிகையை மாடி வீட்டுக்கு எடுத்துப்போய் அவருக்குக் காட்டினாள். அவர் தன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல கடை போலிருக்கே. எங்க இருக்கு?"

கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

அதற்கடுத்த வாரம், சவரம் செய்துகொண்டிருந்தவர் ஒரு புருவத்தையும் சேர்த்து மழித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றார். அன்றிலிருந்து அவளே அவருக்குச் சவரம் செய்தாள். அப்பா கடையில் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. மருத்துவர் நோயின் பேரைச் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, கத்தியை எடுக்க விடாதீங்க."

"சரிங்க, ரொம்ப நன்றி" என்று குனிந்துவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அந்தச் 'சரிங்க'வை எப்படி நிறைவேற்றுவது என்று யோசித்தாள். கத்தியை எடுத்தால்தான் அவர் ஷிகெமிட்சு. மாடியில் அவருக்குக் குளியலறை எந்தக் கதவு என்று தெரியவில்லை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வந்து வெள்ளைச் சட்டையை மாட்டிப் பலகைக்குப் பின்னால் நின்றால் விரல்கள் தானாக எல்லாம் செய்தன. சோற்றை அள்ளின, திருப்பின, அழுத்தின. அங்கே நிற்கும்போது அவளைப் பார்த்து, "இந்தா, தேநீர்" என்றார். மாடியில் இரண்டு நாளாக அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை.

கடையை மூடினால் அந்த 'இந்தா'வும் போய்விடும். மூடாவிட்டால் என்றைக்காவது யாருக்காவது ஏதாவது ஆகும். இரண்டும் அவளுக்குத் தெரிந்தே இருந்தன. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இலையுதிர்காலம் முழுதும் தள்ளிப்போட்டாள்.

நவம்பரில் ஒரு மாலை, நாலைந்து மீன்தான் ஆகியிருந்தது, ஷிகெமிட்சு முட்டையை வைத்துவிட்டார். வந்தவர்கள் முட்டையைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாப்பிட்டார்கள். "நல்ல விருந்து, தைஷோ" என்று வணங்கி எழுந்து, வயிறு காய, கோட்டை மாட்டிக்கொண்டு போனார்கள். கியோனோ குப்பை போடப் போனபோது சந்து முனை நூடுல்ஸ் கடையில் அத்தனை பேரும் நின்றுகொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"தைஷோ இன்னிக்கு நம்மளைப் பட்டினி போட்டுட்டாருய்யா."

"பெரிய மனுஷங்க அப்படித்தான். அளவோட நிறுத்தினாத்தான் ருசி நிக்கும்."

"நிக்குது, நிக்குது. எனக்கு இன்னொரு கிண்ணம் சொல்லு."

அவள் குப்பைப் பையோடு சுவரை ஒட்டி மறைந்து நின்றாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'அம்மா, தைஷோவுக்கு என்ன ஆச்சு?' என்று வந்து கேட்டிருந்தால் அன்றே வாசல் துணித்திரையைக் கழற்றிக் கடையை மூடியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. மரியாதை அவ்வளவு பெரிதாக இருந்தது.

அதன் பிறகு மீன் பெட்டியை அவளே அடுக்கினாள். இடமிருந்து வலமாக, வைக்க வேண்டிய வரிசையில். ஒரு மீன் முடிந்ததும் மிச்சத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவாள். அவர் அடுத்து எது கையில் படுகிறதோ அதை எடுப்பார். முட்டையைக் கடைசி வரை சமையலறையில் ஒளித்து வைத்தாள். 'உங்க இஷ்டம்' என்று வந்தவர்கள் சொன்னது இப்போது யாருடைய இஷ்டம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் தொகாஷி வந்தார். முகவரி அட்டைகள் அச்சடிக்கும் சிறிய அச்சகம் வைத்திருப்பவர். கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். அவருக்கு இறால் ஆகாது. ஒரு கல்யாண விருந்தில் தொண்டை வீங்கி ஆம்புலன்ஸில் போனவர். மற்றவர்களுக்கு இறால் வைக்கும்போது அவருக்குக் கணவாய் வைப்பது அந்தக் கடையின் வழக்கம். அன்று தன் மகளை எடுக்கப்போகிற வீட்டுச் சம்பந்தியைக் கூட்டி வந்திருந்தார். அன்ஸாய் என்று பேர், நகோயாவில் கட்டட வேலை எடுத்துச் செய்பவர், பெரிய குரல்.

"என்னங்க தொகாஷி, விலைப்பட்டியலே காணோம்? போகும்போது சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகணுமா?"

"சட்டையோட விட்டா உங்க அதிர்ஷ்டம்" என்றார் தொகாஷி. வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஷிகெமிட்சுவும் சிரித்தார். நல்ல நாள் என்று கியோனோ நினைத்தாள். தொகாஷிக்கான கணவாயைத் தனியாக, ஷிகெமிட்சுவின் கைக்கு நேராக வைத்திருந்தாள்.

கட்டட வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக் கையை வீசிய அன்ஸாய் தேநீரைத் தட்டிவிட்டார். சூடு, தொடை முழுக்க. அவள் ஈரத்துணியோடு ஓடிவந்து மண்டியிட்டுத் துடைத்தாள். "அட, விடுங்கம்மா, கான்கிரீட்டே கொட்டியிருக்கு இந்தத் தொடையில" என்று அவர் சிரித்தார். அவள் எழுந்தபோது தொகாஷியின் முன்னால் இறால் இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக, வால் அவர் பக்கம் திரும்பி.

தொகாஷி அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அந்தப் பார்வையில் இருந்தது. இரண்டாவது கொஹாடாவை விழுங்கியவர்களில் அவரும் ஒருவர். வேண்டாம் என்று ஒதுக்கினால், வெளியூர்க்காரர் முன்னால், வரிசை முழுக்கப் பார்க்க, தைஷோ முடிந்துபோனார் என்று சொன்னதாகிவிடும். உதட்டை மட்டும் அசைத்து, "பரவால்ல, அம்மா" என்றார். எடுத்தார்.

கியோனோவின் கை போனது. அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த அறையில் அப்படி ஒரு காரியம் நடந்ததில்லை. வாய் நிறைய இறாலோடு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

"இந்தா!" ஷிகெமிட்சுவின் குரல் கத்தி போல வந்தது. "வந்தவங்க கையில இருக்கறதைப் புடுங்கித் திங்கற அளவுக்கா பசி உனக்கு?"

விழுங்கினாள். "ஆமாங்க. பசி தாங்கல."

அவர் பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றி, நெற்றி படக் குனிந்தார். "பெரியவங்க மன்னிக்கணும். என் பொண்டாட்டிக்குக் கொஞ்ச நாளா புத்தி சரியில்ல. வீட்ல என்னென்னமோ பண்றா. நானும் வெளிய சொல்லாம சமாளிச்சுப் பாத்தேன்."

யாரோ 'ச்சோ' என்றார்கள். அன்ஸாய் அவளை இரக்கத்தோடு பார்த்தார். அவளுக்கு அவமானமாக இல்லை. இது போதும், இப்படியே நம்பட்டும், பைத்தியம் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் தோன்றியது. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம் என்றுகூட அந்தக் கணத்தில் கணக்குப் போட்டாள்.

ஷிகெமிட்சு நிமிர்ந்தார். வாடிக்கையாளருக்கு வந்த குறையைச் சரிசெய்கிற கனிவோடு, சோற்றை அள்ளினார், அழுத்தினார்.

"தொகாஷி சார், உங்களுக்கு வேற வைக்கிறேன். நல்லதாப் பாத்து."

இன்னொரு இறால்.

தொகாஷி கண்ணை மூடிக்கொண்டார். கியோனோவுக்கு வேறு வழி இல்லை. வாயைத் திறந்தாள்.

"என்னங்க. அவருக்கு இறால் ஆகாது. உங்களுக்குத் தெரியும். மறந்துட்டீங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அது திங்கறதுக்கு மட்டுமே வாய் இருக்கிற இடம். எல்லோருக்கும் கேட்டது. ஷிகெமிட்சு இறாலைப் பார்த்தார். தொகாஷியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ தேடினார். அது அங்கே இல்லை. அவளைப் பார்த்தார். எத்தனையோ வருடம் அவள் பார்க்காத ஒரு முகம் அது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப்போகிற பையனுடையது போல. பிறகு திரும்பிச் சமையலறைக்குள் போனார். ஒளித்து வைத்திருந்த இடம் எப்படித் தெரிந்ததோ, முட்டையோடு வந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு துண்டு வைத்தார். புரிந்து வைத்தாரா, கையில் பட்டதால் வைத்தாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. எல்லோரும் சாப்பிட்டார்கள். எழுந்தார்கள். அன்ஸாய் சத்தமே இல்லாமல் போனார்.

துணித்திரையை அன்று மாலை கியோனோ கழற்றி மடித்து வைத்தாள்.

அது முடிவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கடை மூடியாயிற்று என்றாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அதற்கடுத்த நாளும் வந்தார். அன்றும் சொன்னாள், அன்றும் புதிதாக அழுதார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். கத்திகளைத் தொகாஷியின் அச்சகத்தில் கொடுத்து வைத்தாள். மீன் கடையில் வெட்டிக் கொடுத்த மீனைக் கொஞ்சமாக வாங்கி வந்தாள்.

"இன்னிக்கு எத்தனை பேரு?" என்று கேட்பார்.

"ஒருத்தர்தாங்க."

அவள் சமையல் வேலைக்குக் கட்டும் மேலங்கியைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாகப் போய், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வாழ்நாளில் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "உங்க இஷ்டம்" என்பாள். தலையை ஒரு தரம் ஆட்டுவார். கொஹாடா வைப்பார். கொஹாடா வைப்பார். கொஹாடா வைப்பார். அவள் சாப்பிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் உட்கார்ந்த உடனே முட்டையை வைத்துவிட்டார். அவள் சாப்பிட்டுவிட்டு எழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் எதிரே இருக்கலாம் என்று நினைத்தாள். அவர் பலகையைத் துடைத்தார். காத்திருந்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு வெளியாட்களுக்கு வைத்திருக்கும் அந்த மரியாதைக் குரலில், தாழ்ந்து வணங்கி, "வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. வெளிய குளிரு, பாத்துப் போங்க" என்றார்.

அவள் எழுந்தாள். வணங்கினாள். வாசல் கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்தினாள். சந்தில் யாரும் இல்லை. குளிரில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்து, கொடியில் கிடந்த மேலங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஷிகெமிட்சு திரும்பிப் பார்த்தார்.

"இந்தா, யாரு அந்தம்மா? முட்டை வச்சும் எந்திரிக்காம உக்காந்திருந்தாங்க."

"தெரியலைங்க" என்றாள் கியோனோ. "புதுசாயிருக்கும்."

பலகையிலிருந்து தட்டை எடுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.