டேப்பின் கீழ்முனை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. எனக்குக் கற்பனை வளம் கிடையாது. இருந்திருந்தால் வெள்ள அபாயக் கணக்கெடுக்கும் வேலைக்கு வந்திருக்க மாட்டேன். நடந்தது பட்டப்பகலில். மணியும் நிமிடமும் என் செல்போனில் பதிவாகியிருக்கின்றன.

வேலை இதுதான். பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். பார்த்தவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டுவார். ஒருவர் டேப்பின் கீழ்முனையைத் தரையில் அழுத்திப் பிடிக்க, உள்ளங்கைக்கு நேரே உள்ள அளவைப் படித்துச் செயலியில் ஏற்றுவேன். எண்ணைப் பார்ப்பேனே தவிர, ஆளைப் பார்க்கிற வழக்கமில்லை.

அந்தத் தாழ்ந்த தெருவில் காலையிலிருந்து பதினாறு வீடுகள். பதினாறிலும் சொல்லிவைத்தாற்போல் முழங்காலைத் தொட்டுக் காட்டினார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு முன் வந்த வெள்ளம் ஆற்றுப் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது. இந்தத் தெருவில் மட்டும் காலைக் கழுவிவிட்டுப் போனதாம்!

காரணம் தெரியாமலில்லை. தெருக்கோடியில் இருக்கும் காலி மனையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரப்போகிறது. வெள்ளம் முழங்காலோடு நின்றது என்றால் அனுமதி. அதைத் தாண்டியிருந்தால் பள்ளி கைநழுவிவிடும். மாலை ஐந்து மணிக்குச் செயலி மூடிக்கொள்ளும். அதற்குள் வேறு அளவு ஏறாவிட்டால் முழங்கால்தான் முடிவு. அங்கே உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு என் மகள் வயது. எனக்கு முழங்கால் என்பது அவளுக்குக் கிட்டத்தட்ட இடுப்பு.

பதினாறாம் வீட்டுக் கடைக்காரரிடம் கடைசியாக ஒருமுறை மன்றாடினேன்.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு ஏறுச்சு?”

“அதான் காட்டுனேனே தம்பி. முழங்கால்.”

“பதினாறு வீட்டுலயும் ஒரே முழங்காலா?”

“தண்ணிக்கு ஓரவஞ்சனை கிடையாது தம்பி.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டேப் பிடிக்கவும் ஆளில்லை. எங்கள் ஜீப் டிரைவர் (தரையில் பறப்பதால் அவருக்குப் பெயர் பைலட்) கையை விரித்துவிட்டார்.

“இடுப்பு போச்சு சார். இனிமே குனிஞ்சா, நீங்கதான் வண்டிய ஓட்டணும்.”

மணி 4:31. மிச்சமிருந்தது ஒரு வீடு. பட்டியலில் ‘ஆளில்லை’ என்று போட்டிருந்தது. கதவு திறந்திருந்தது. அந்தப் பட்டியலில் எதுதான் உருப்படி?

இடுப்பு வரை குனிந்துதான் உள்ளே நுழைய முடிந்தது. ஜன்னலின் அடிச்சட்டம் தரையோடு ஒட்டியிருந்தது. கட்டிய கொத்தனாரை வாய்விட்டே திட்டினேன். அது எப்படி அப்படியானது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எனக்கு உறைக்கவில்லை.

விதிப்படி முதலில் அறையின் உயரத்தை அளந்தேன். 2.40 மீட்டர். திரும்பினால், சுவரோரம் குள்ளமாக ஒரு பெண்.

“வெள்ளத்தைப் பத்திக் கேக்க வந்தீங்களா தம்பி?”

“ஆமாக்கா. உங்களுக்கும் முழங்கால்தானே?”

“யாரு சொன்னா?”

கையை உயர்த்தினார். உள்ளங்கை சுவரில் பதிந்தது. என் தலைக்கு மேல் ஒரு சாண்!

அவர் காலில் விழாத குறை. அவசரமாக டேப்பை உருவினேன்.

“கீழ யாராச்சும் பிடிக்கணுமே அக்கா.”

“அவரு பிடிப்பாரு.”

முனையைக் கீழே விட்டேன். கண் செல்போனில். யாரோ வாங்கிக்கொண்டார்கள். டிக்… டேப் விறைத்தது.

“நல்லா அழுத்திப் பிடிங்கண்ணே.”

2.80. ஏற்றினேன். மணி 4:46.

திரையில் சிவப்பு எழுத்து. ‘அளவு, அறையின் உயரத்தைவிட அதிகம்.’

செயலியைத் திட்டினேன். அதைச் செய்தவனைத் திட்டினேன். திரும்பப் படித்தேன். 2.80. கைக்கும் கூரைக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி இருந்தது. கண்ணால் பார்க்கிறேன். பிறகு எப்படி…

குனிந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

டேப் தரையில் நிற்கவில்லை. சிமெண்டுக்குள் இறங்கியிருந்தது. விரிசல் இல்லை. ஓட்டை இல்லை.

இழுத்தேன்.

டிக்…

கீழிருந்து பதிலுக்கு இழுத்தது.

“இன்னும் அழுத்தணுமா தம்பி?”

என் பாதத்துக்கு அடியிலிருந்து…

நிமிர்ந்தேன். சுவரில் ஈரமாக ஓர் உள்ளங்கைத் தடம்.

அவ்வளவுதான்.

4:50-க்கு ஜீப்பில் இருந்தேன்.

“யாருகிட்ட சார் அக்கா, அண்ணேன்னு பேசிட்டிருந்தீங்க?”

“வண்டிய எடுங்க.”

“டேப் எங்க சார்?”

“எடுங்கண்ணே!”

ஜீப் பறந்தது. ஆனாலும் 4:58-க்கு ‘அளவில் ஐயம், நேரடி ஆய்வு தேவை’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டேன். பள்ளிக்கான அனுமதி நின்றது.

கூடவே எனக்கு ஒரு மெமோவும் வந்தது. அறைக்குள் அறையைவிடப் பெரிய அளவு எடுத்த மேதை நான் என்று அலுவலகமே சிரித்தது. ஒன்பதாம் நாள் பொறியாளர் சிரித்துக்கொண்டே அந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். சிமெண்டுக்குள் போயிருந்த டேப்பைப் பார்த்தார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

தரையை உடைத்தார்கள். அடியில் வண்டல். 95 சென்டிமீட்டர் ஆழத்தில் பழைய தரை. வெள்ளம் தெருவையே மண்ணால் மேடாக்கியிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் மண்ணை அள்ளாமல் மேலேயே சிமெண்ட் பூசிவிட்டார். பழைய தரையில் இரண்டு பேர் கிடந்தார்கள். எலும்புகள்தான். டேப்பின் முனை ஒருவரின் விரல்களுக்கு அடியில் இருந்தது.

அரசுக் கோப்பில் அந்த வெள்ளத்துக்கு ‘உயிரிழப்பு இல்லை’.

கடைக்காரர் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். “புருஷன் பொண்டாட்டி தம்பி. வாடகைக்கு இருந்தாங்க. ஊரை விட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சு… யாருமே தேடலை. நாங்க கூரை மேல ஏறித்தான் பொழைச்சோம்.”

பள்ளிக்கூடம் மேட்டுத் தெருவுக்குப் போயிற்று.

தரையை உடைத்த அன்றைக்கே குழியில் இறங்கிப் புது டேப்பால் அளந்தேன். பழைய தரையிலிருந்து, இன்னும் காயாதிருந்த அந்தத் தடம் சரியாக 2.80. எலும்பைச் சோதித்த மருத்துவர் பிறகு சொன்னார், அந்தப் பெண் ஐந்தடிகூட இல்லையாம்.

அந்தப் பழைய தரையில் நின்று அவருக்கு அங்கே எட்டாது.

மிதந்தால் எட்டும்.