பதினோராம் மணியில் இறங்கிய அழுத்தம்

ஆய்வகத்தில் அவருக்கு 'இருபது மணி' என்று பட்டப்பெயர். வைத்ததில் தப்பே இல்லை. பழைய சாலையைச் சுரண்டி, அதிலிருந்து பிரித்த தாரில் புதுத் தாரும் இளக்குகிற எண்ணெயும் கலந்து, இரும்புக் கலனுக்குள் வைத்து, நூறு டிகிரி சூட்டிலும் கடும் காற்றழுத்தத்திலும் இருபது மணி நேரம் வாட்டுவார். பல வருஷ வெயிலில் தார் கிழடு தட்டிப் போவதை ஒரே நாளில் பார்த்துவிடுகிற வித்தை அது. பத்தொன்பதே முக்கால் மணிக்குத் திறக்கச் சொல்லிக் கடவுளே வந்து கேட்டாலும் திறக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் ஒரு தரம் கோட்டை விட்டார். காலையில் வந்து பார்த்தால், அழுத்தம் பதிவாகிற தாளில் கோடு பதினோராம் மணியோடு படுத்துக் கிடந்தது. மூடியின் ரப்பர் வளையம் கசிந்திருந்தது. விதிப்படி மாதிரியைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய கட்டிகளிலிருந்து தாரைப் பிரிக்கவே இரண்டு நாள் பிடிக்கும். அங்கே சாலையில் ஆட்களும் வண்டிகளும் காத்துக்கிடக்க, பொறியாளர் மணிக்கொரு தரம் போனில் கத்திக்கொண்டிருந்தார். சரி, ஒரே ஒரு தரம்தானே என்று அதையே எடுத்து அளந்தார். பாதி வாடிய தார் இளகலாகத்தானே இருக்கும்? தேறிவிட்டது. 'இருபது மணி நேரம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தொலைத்தார்.

இரண்டே வருஷத்தில் சாலை பாளம் பாளமாக வெடித்தது. பழி ரோலர் ஓட்டியவர் தலையில் விழுந்தது. கலவை ஆறிய பிறகு உருட்டினாராம். அவர் வேறு யாருமில்லை, நம்மவரின் தங்கை வீட்டுக்காரர்தான். வேலை போய்விட்டது. நம்மவர் வாயைத் திறந்தாரா? எட்டு மாதம் திறக்கவில்லை. வாரம் தவறாமல் தங்கை வீட்டுக்குப் போய், "எல்லாம் சரியாயிடும் மாப்பிள்ளை" என்று ஆறுதல் வேறு சொன்னார், பாவி.

போன வாரம் அதே சாலையில் வெட்டியெடுத்த துண்டுகள் அவர் மேஜைக்கே வந்தன. உருட்டலில் ஒரு குறையும் இல்லை. தார்தான் விறைத்துப் போயிருந்தது. அதற்குமேல் தாங்காமல் பொறியாளரிடம் போனார்.

"தப்பு என்னோடது சார்."

பொறியாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இப்ப எதுக்கு இந்தப் பேச்சு? அந்த ஆளே தன் தப்புதான்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஃபைலை மூடியாச்சு."

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். "எதுக்கு மாப்பிள்ளை அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"உங்க ரிப்போர்ட்டைக் காட்டினாங்க மச்சான். நீங்க கையெழுத்துப் போட்டா தார் சரியாத்தான் இருக்கும். அப்ப தப்பு என்கிட்டதானே இருக்கணும்?"

நம்மவர் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். மாப்பிள்ளை திட்டவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் சரியாத்தான் உருட்டினேனா?"

"சரியாத்தான்."

தங்கை துணி மடிப்பதை நிறுத்தினாள். "எட்டு மாசமா இவரு தூங்கல. நீ வாரா வாரம் வந்து பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே போன?" என்றாள். அவள் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"இனிமே வராதண்ணா."